கம்பத்தில் ஒரு கம்பு



போன வருடம் ஆனி மாதம் சின்னமனூர் வாசகி ஒருவர் நம் அலுவலகப் படியேறி வந்தார். சந்தா கட்ட வந்தவர், கட்டிய கையோடு போகாமல் செல்போனை எடுத்து நீட்டினார். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவள் அனுப்பிய படம். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆளைப்போல இரண்டு மூன்று மடங்கு உயரமான கற்கள் வட்டமாக நிற்கின்றன. நடுவே பெருங்கூட்டம். சிலர் தலையில் பூவளையம், சிலர் உடம்பில் நீள அங்கி, ஒருவர் கையில் நம் தப்பு மாதிரியே ஒரு வாத்தியம். அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள்.

“வீரபாண்டித் திருவிழாவுல எடுத்ததுன்னு சொன்னா நம்பிருவாங்க சார். யாரு இவங்க? சாமி எங்க இருக்கு?”

“சூரியன்தாம்மா சாமி” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அது அரைகுறைப் பதில் என்பது அவர் படியிறங்கும்போதே எனக்கு உறுத்திவிட்டது. பாக்கியை இந்த இதழில் தீர்க்கிறேன்.

அந்த இடம் ஸ்டோன்ஹெஞ்ச். பெருங்கற்களை நட்டு ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகின்றன. ஜூன் 21-ஐ ஒட்டி, ஆண்டின் மிக நீண்ட பகல் பிறக்கும் விடியலில், அந்தக் கல்வட்டத்தின் அச்சுக்கு நேராகச் சூரியன் எழும்பும். நட்டவர்கள் கணக்குப் பார்த்துத்தான் நட்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதிவைத்தது என்று ஒரு வரி கிடையாது. கல் மட்டும் நிற்கிறது. மற்ற நாட்களில் வேடிக்கை பார்க்கிறவர்களைத் தள்ளியே நிறுத்துவார்கள். ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் மட்டும் எல்லோரையும் கற்களுக்கு நடுவே போக விடுகிறார்கள். அந்த அனுமதியும் சும்மா கிடைக்கவில்லை. 1985-இல் அங்கே விழா நடத்தக் கிளம்பிய கூட்டத்தைப் போலீஸ் வழியிலேயே மறித்து அடித்தது. 2000-இல்தான் கதவு மறுபடி திறந்தது.

மங்கலதேவி மலை ஏறியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் கண்ணகி கோயிலும் எல்லைக் கோட்டில், புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள் இருக்கிறது. சித்திரை முழுநிலவு அன்று ஒரு நாள்தான் வழி. பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம், குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். இரண்டு மாநில அதிகாரிகளும் வனத்துறையும் போலீசும் வழிநெடுக நிற்பார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு நாளுக்காக ஒரு வருடம் காத்திருந்து, மூச்சு வாங்க ஏறி, இடிந்த கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெண்ணுக்கு அந்த இங்கிலாந்துக் கூட்டத்தின் முகம் சட்டென்று விளங்கிவிடும். என்னைப்போல் விளக்கவுரை எழுத வேண்டியிருக்காது.

அந்தக் கல்வட்டத்தில் கூடுகிறவர்களில் பலரை ஆங்கிலத்தில் பேகன் என்கிறார்கள். லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் ஊன்றிய பிறகும் பழைய சாமிகளை விடாதவர்களுக்கு வைத்த பெயர் இது. நம் பாஷையில் சொன்னால் பட்டிக்காட்டான். ஆண்டிப்பட்டி, அனுமந்தன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று திரும்பிய பக்கமெல்லாம் பட்டியாக இருக்கிற நம் தேனி மாவட்டத்தில் இதை வசவு என்று எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காது. அவர்களும் அப்படித்தான், திட்டையே பட்டமாக்கிக்கொண்டார்கள். எனக்கென்னவோ பேகன் என்றதும் நினைவுக்கு வருகிறவர் வேறு. மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கழற்றிப் போட்ட வள்ளல் பேகன். அவர் ஆண்டது பழனி மலைப் பக்கம். பெரியகுளத்தில் நின்று வடக்கே நிமிர்ந்தால் தெரிகிற அதே மலைத்தொடர். பெயர் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் மயிலுக்குக் குளிரும் என்று நினைத்த மனிதரை அந்தக் கல்வட்டத்துக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

இனிதான் சுவாரசியமான பகுதி. கற்கள் 4,500 ஆண்டுப் பழசு. அங்கே கூடுகிறவர்களின் வழிபாடு உங்கள் தாத்தா வயதுதான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் மதத்தைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பேகன் வழிபாட்டின் ஒரு கிளையான, சூனியக் கலையோடு சேர்ந்த இந்த விக்காவை உலகுக்குச் சொன்னவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884-இல் பிறந்தவர். அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் ஊர்ப்பெயர் என்னை நிறுத்திவிட்டது: மஸ்கெலியா.

1900-இல், பதினாறு வயதுப் பையனாக, கார்ட்னர் இலங்கைக்கு வந்து இறங்கியது மஸ்கெலியா மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே தேயிலை போட்டது, கொழுந்து கிள்ளியது, கவாத்து வெட்டியது எல்லாம் மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கடல் கடந்த நம் சனங்கள். விடியுமுன் தப்பு அடித்து ஆளெழுப்பி, பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, மலைக்கு அனுப்பிய காலம். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் மாரியம்மனும் மாடசாமியும் குடியேறிய காலமும் அதுதான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சில வருடங்கள் வளர்ந்தவர் பிறகு போர்னியோ போனார், மலாயாவில் சுங்க அதிகாரியானார், 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கே 1951-இல் பழைய சூனியச் சட்டம் ரத்தானது. 1954-இல் விக்காவைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. அந்தத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பார்த்துத்தான் விக்கா பிறந்தது என்று கதை கட்ட எனக்கும் கை துறுதுறுக்கிறது, கட்டமாட்டேன். ஆனால் இந்தப் புதுச் சமயத்தைத் தொடங்கியவர், மண்ணையும் மழையையும் மரத்தடித் தெய்வத்தையும் கும்பிடுகிற தமிழ் மக்களுக்கு நடுவே விடலைப் பருவத்தைக் கழித்தார் என்பது மட்டும் உண்மை. நம்மூர்ப் பத்திரிகை ஒன்று அதைக் குறித்துவைக்க வேண்டாமா?

ஆண்டை எட்டு ஆரமுள்ள சக்கரமாகப் பேகன் வழிபாட்டினர் பார்க்கிறார்கள். சூரியன் வடக்கு எல்லையையும் தெற்கு எல்லையையும் தொட்டுத் திரும்பும் இரண்டு நாட்கள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்கள், இவற்றுக்கு இடையிடையே நான்கு நாட்கள். இந்த எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950-களில். கோடைத் திருநாளுக்குப் பலரும் சொல்கிற லிதா என்ற பெயரோ அதற்கும் இளையது. 1970-களில் ஏய்டன் கெல்லி என்ற அமெரிக்கர், எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் குறித்துவைத்திருந்த பழைய மாதப் பெயரிலிருந்து எடுத்துச் சூட்டியது. ராத்தூக்கம் விழித்து, தீ வளர்த்து, பூவும் மூலிகையும் தேனும் வைத்து, சூரியன் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குவதைக் கொண்டாடுவார்கள். வளர்பாதியை ஆளும் ராஜா தோற்று, தேய்பாதியை ஆளும் ராஜா முடிசூடுவதாக ஒரு கதையும் உண்டு.

“அப்போ எல்லாம் நேற்று உண்டாக்கியதுதானா?” என்று உதடு பிதுக்குகிறவர்களை நான் பாலார்பட்டிக்கு அழைத்துப்போவேன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுக் பிறந்தது 1841 ஜனவரி 15. தைப்பொங்கலோடு ஒட்டி வருகிற தேதி. அணை முடிந்தது 1895-இல். அதுவரை மலைக்கு அந்தப்பக்கம் ஓடிய தண்ணீர் இந்தப்பக்கம் திரும்பியது. இன்று பாலார்பட்டிக்காரர்கள் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமே எழுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். எந்த ஆகமத்தில் இருக்கிறது இது? புழுதி பறந்த நிலம் நெல் வயலானதைப் பார்த்தவர்கள், சூரியனுக்கு வைக்கிற பானையில் அந்த வெள்ளைக்காரப் பொறியாளருக்கும் ஒரு கை அரிசி போட்டார்கள். அந்தப் பொங்கல் போலி என்று சொல்கிற தைரியம் எனக்கில்லை. சொன்னால் பள்ளத்தாக்கில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது.

ஆகவே லிதாவின் வயது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு இடிக்கிற இடம் வேறு. அண்மைக் காலமாக நம் பிள்ளைகளும் ஜூன் 21 அன்று ‘கோடையின் உச்சத்துக்கு வாழ்த்து’ என்று படம் அனுப்புகிறார்கள். அந்த நாளை ஒட்டித்தான் 2015 முதல் யோகா நாளும் நடக்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் 21 என்ன கோடை? அக்கினி நட்சத்திரம் முடிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேற்கு மலையைத் தாண்டி மேகம் கொட்டிக்கொண்டிருக்கும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டுக் கணவாய்களில் இறங்குகிற காற்று வாழையைச் சாய்த்துக்கொண்டிருக்கும். மழை கைகொடுத்த வருடமென்றால் ஜூன் முதல் தேதியே தேக்கடி மதகில் பூத்தூவித் தண்ணீர் திறந்திருப்பார்கள். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முதல் போகத்துக்கு நாற்றங்கால் ஈரமாகியிருக்கும். வெயிலின் உச்சம் என்று அவர்கள் ஆடிப்பாடுகிற நாளில் நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டிருப்போம்.

நீண்ட பகல் என்பதும் நமக்குப் பெரிதாக உறைக்காது. ஸ்டோன்ஹெஞ்ச்சில் அன்று பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். வட நார்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போன ஈழத்தமிழர்கள், நடுராத்திரி வெயிலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கிப் பழகியவர்கள். தேனியில் அன்று பகல் 12 மணி 42 நிமிடம். மார்கழியின் குட்டைப் பகலைவிட ஒரு மணி பத்து நிமிடம்தான் கூடுதல். உத்தமபாளையத்தில் ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நோன்பின் நேரம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. நம் திராட்சைக் கொடிக்கும் இந்தச் சங்கதி தெரியும். ஐரோப்பாவில் அது குளிரில் இலையுதிர்த்துத் தூங்கி, பகல் நீளும் வசந்தத்தில் விழித்து, ஆண்டுக்கு ஒரே அறுப்புத் தரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையைத் தூங்க விட்டால்தானே? அறுத்த கையோடு கவாத்து, மறுபடி துளிர், மறுபடி பூ. காமயகவுண்டன்பட்டிப் பந்தல்களுக்கு அடியில் நடந்து பாருங்கள். ஒரு தோட்டத்தில் அறுப்பு, அடுத்த தோட்டத்தில் பிஞ்சு.

நம் ஆட்கள் சூரியனின் இந்தத் திருப்பத்தைக் கவனிக்காமலும் இல்லை. அவர்கள் அதைப் பார்த்த கோணம்தான் வேறு. தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு என்று கணக்கு. அப்படியென்றால் ஆனி அவர்களுக்கு மாலைநேரம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் நடப்பது அந்த மாலைப் பொழுதில்தான். மேற்கே உச்சிப்பொழுது என்று கொண்டாடுகிற நாளை நாம் விளக்கு வைக்கிற நேரம் என்று வைத்திருக்கிறோம்! அடுத்து ஆடி பிறந்தால் சுருளியில் அமாவாசைத் தர்ப்பணம், குச்சனூரில் சனிக்கிழமைத் திருவிழா. சனீஸ்வரன் யார்? சூரியனுக்கும் சாயாவுக்கும் பிறந்தவன். சாயா என்றால் நிழல். சூரியன் தெற்கே திரும்பிய மாதத்தில் நிழலின் பிள்ளைக்கு எள் தீபம் ஏற்றுகிற ஊர் நம்முடையது.

பஞ்சாங்கம் தட்சிணாயனத்தை ஆடி ஒன்றில் வைக்கிறதே, சூரியன் ஆனி ஏழிலேயே திரும்பிவிடுகிறதே என்று கணக்கு வாத்தியார்கள் கேட்பார்கள். பூமியின் அச்சு, தலைசுற்றும் பம்பரம்போல மெல்ல வட்டமிடுகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். அதனால் நட்சத்திரத்தை வைத்து எண்ணும் நம் மாதங்களுக்கும் சூரியன் திரும்பும் நாளுக்கும் இடையில் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது மூன்றரை வாரம் தள்ளிப்போய்விட்டன.

சரி, நம் பள்ளத்தாக்குக்கென்று ஒரு சூரிய நாள் வேண்டுமென்றால் எதை எடுப்பது? என்னைக் கேட்டால் சித்திரையைத்தான் சொல்வேன். கம்பமும் தேனியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரியை ஒட்டி இருக்கின்றன. சித்திரை பிறந்த ஓரிரு நாளில் உச்சிவெயில் இங்கே சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. ஸ்டோன்ஹெஞ்ச்காரர்கள் எத்தனை ஆயிரம் ஆண்டு காத்திருந்தாலும் அவர்கள் மண்ணில் நடக்காத விஷயம் இது. நெடுநல்வாடையில் நக்கீரர், பாண்டியன் அரண்மனைக்கு மனையிடும் காட்சியைச் சொல்லும்போது கோல்கள் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் திசை குறித்ததைச் சொல்கிறார். அதைச் சித்திரை மாதத்து நண்பகல் என்று உரை சொல்கிறது. மதுரையும் நாமும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் இருக்கிறோம். வீரபாண்டியில் அதே மாதத்தில் கௌமாரியம்மனுக்குக் கம்பம் நட்டு, பெண்கள் முல்லையாற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள். நிழல் பார்க்க நட்ட கோலும் தண்ணீர் ஊற்ற நட்ட கம்பமும் உறவா என்று கேட்காதீர்கள். என் கண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன, அவ்வளவுதான்.

சித்திரைக்குப் பிறகு சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணி நடுவில்தான் மறுபடி தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகலில் நம் நிழல் தெற்கே விழும். சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இருக்கிறார்கள், நம் அலுவலகத்திலேயே. அதனால் போன வருடம் ஜூன் 21 அன்று மொட்டைமாடியில் ஒரு மீட்டர் கம்பு ஒன்றை மண் தொட்டியில் செங்குத்தாக நட்டேன். கம்பத்தில் கம்பு நட்ட முதல் ஆசிரியர் என்று அச்சுக்கோப்பவர் கிண்டலடித்தார். நமக்கு நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வராது. இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே நாம் தள்ளி இருப்பதால் அந்த நாட்களில் 12 மணி 22, 23 நிமிடத்துக்குத்தான் வரும். பன்னிரண்டு பத்துக்கு வெயில் இருந்தது. பன்னிரண்டு இருபதுக்குக் கூடலூர்ப் பக்கமிருந்து மேகம் ஏறியது. முடிந்தது கதை.

ஆனால் சூரியன் அவசரக்காரன் இல்லை. அந்த நாட்களில் அவன் திரும்புமுன் அப்படியே நின்றுவிடுகிறான். லத்தீனில் அந்த நாளின் பெயரே சூரியன் நிற்பது என்பதுதான். சித்திரையில் ஒரே நாளில் ஆறு மில்லிமீட்டர் நகர்கிற நிழல், அந்த நாட்களில் ஒரு வாரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிகம். மூன்றாம் நாள் மேகம் விலகியபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். நிழல் தெற்கே பார்த்துக் கிடந்தது. 24 சென்டிமீட்டர், என் விரலுக்குப் பன்னிரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் கூட. அதே கம்பை டிசம்பரில் பார்த்தபோது நிழல் வடக்கே திரும்பி 65 சென்டிமீட்டருக்கு நீண்டிருந்தது.

இந்த ஆண்டு நீங்களும் நடுங்கள். ஒரு மீட்டர் கம்பு, நூல்குண்டு வைத்து நேர் பார்த்தது. 21-ஆம் தேதி மேகம் போட்டால் அந்த வாரத்தில் எந்த நாளும் போதும். அளவை ஒரு கார்டில் எழுதி, ஊர்ப்பெயரோடு அனுப்புங்கள். கணக்குப்படி கூடலூர் நிழல் பெரியகுளத்து நிழலைவிட எட்டு மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். இருக்கிறதா பார்ப்போம். வந்ததையெல்லாம் அடுத்த இதழில் தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்படுத்தி அச்சிடுகிறோம்.

இந்தப் பக்கத்தை எழுதி முடிக்கிற நாளில், விடியுமுன் கம்பமெட்டுச் சாலையில் ஜீப்புக்குக் காத்திருந்த ஏலத்தோட்டத்து அக்கா ஒருவரிடமும் ஒரு கார்டைக் கொடுத்தேன். தினமும் மலையேறிப் போய் மாலையில் திரும்புகிறவர். சூரியன் மேகமலையை விட்டு வடக்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கை நீட்டிக் காட்டக்கூடியவர். ஆண்டிலேயே நீண்ட பகல் வருகிறது என்றேன். “பகல் நீண்டா கூலியும் நீளுமாக்கும்?” என்றார். கம்பு, நிழல், விரற்கடை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஜீப் வந்து நின்றது. தூக்குவாளியை ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

“ஏலக்காடே நிழல்லதான இருக்கு தம்பி. அங்க போயி எந்த நிழல அளக்க?”

அன்புடன்,
ஆசிரியர்